உலர் சலவையும் ஊர்க் கிணறும்

சிங்கப்பூரில் டோபிகாட் என்னும் இடப்பெயரை அறியாத தமிழர் இலர். இன்று அங்கே நிலத்தடி ரயில் பாதைகள் சந்திக்கின்றன. படித்துறையும் இல்லை, துவைகல்லும் இல்லை. ஆயினும் பெயரே சரித்திரம் சொல்கிறது. டோபி என்பது துணி வெளுப்பவரையும், காட் என்பது படித்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய சிற்றாற்றிலே துணிகளை அடித்துத் துவைத்து, பக்கத்துத் திடலிலே உலர்த்தினார்கள். அந்தச் சலவையில் அழுக்கு எங்கே போயிற்று என்று யாரும் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. சவுக்காரமும் மண்ணும் கலந்து கலங்கிய நீர் எல்லார் கண்ணுக்கும் முன்பாகவே ஓடிக் கடலில் சேர்ந்தது.

தண்ணீரே படாத சலவை ஒன்று பிறகு வந்தது. அதில் அழுக்கு எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனாலேயே ஓர் ஊரின் கிணற்றுக்குள் அது முப்பது ஆண்டுகள் குடியிருந்தது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிலே நடந்த அந்த வரலாற்றையும், அதைத் துப்புரவு செய்ய அரசாங்கம் பட்ட பாட்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1821: ஓர் ஆண்டு, இரு பிறப்பு

உலர் சலவை என்பது பெயரளவில்தான் உலர்ந்தது. துணி அதிலும் நனையத்தான் நனைகிறது. தண்ணீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தில் நனைகிறது. கம்பளியும் பட்டும் தண்ணீரில் சுருங்கும், சாயம் இழக்கும். எண்ணெய்க் கறையோ தண்ணீருக்கு அசையாது. ஆகையால், எண்ணெயைக் கரைத்துக்கொண்டு நூலைத் தொடாமல் விடும் திரவம் ஒன்று வேண்டியதாயிற்று.

பாரிஸ் நகரத்துச் சாயத் தொழிலாளரான ஜோலி என்பவர் வீட்டில் விளக்குக் கவிழ்ந்து, எண்ணெய் கொட்டிய மேசை விரிப்பு உலர்ந்தபின் முன்னிலும் சுத்தமாக இருந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. தொழில்களின் தோற்றத்தைப் பற்றிய கதைகளில் விளக்குகள் அடிக்கடி கவிழ்கின்றன! இதை நம்புவோர் நம்பலாம். ஆவணத்தோடு கூடிய செய்தி வேறொன்று உண்டு. நியூயார்க்கில் தையற்கடை வைத்திருந்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்னும் கறுப்பினத்தவர், துணியை உலர்முறையில் சுத்தம் செய்யும் வழி ஒன்றுக்கு 1821 மார்ச் 3ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே என்பர். இவருடைய மகள் எலிசபெத், 1854இல் நியூயார்க் டிராம் வண்டியிலிருந்து கறுப்பர் என்பதற்காக இறக்கிவிடப்பட்டு, வழக்குத் தொடுத்து வெற்றி கண்டவர். தந்தையின் காப்புரிமை விவரமோ 1836ஆம் ஆண்டுக் காப்புரிமை அலுவலகத் தீயில் எரிந்து போயிற்று. அவர் எந்தத் திரவத்தைக் கையாண்டார் என்பது அத்தோடு மறைந்தது.

அதே 1821ஆம் ஆண்டிலே லண்டனில் மைக்கேல் ஃபாரடே, குளோரினும் கரியும் மட்டுமே சேர்ந்த புதிய பொருள்கள் இரண்டைச் செய்து அறிவித்தார். அவற்றில் ஒன்று நிறமற்ற, கனமான திரவம். இன்று பெர்குளோரோ எதிலீன் என வழங்குவது அதுவே. சலவைக் கடைக்காரர்கள் சுருக்கமாகப் பெர்க் என்பார்கள். ஃபாரடேக்கு அதனால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை; அதனை விட்டு அவர் மின்சாரத்தின் பக்கம் போய்விட்டார். ஒரே ஆண்டில் பிறந்த தொழிலும் திரவமும் ஒன்றையொன்று சந்திக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் உலர் சலவைக்காரர்கள் பயன்படுத்தியவை டர்பன்டைன், பென்சீன், நாஃப்தா, பிற்பாடு பெட்ரோல். எல்லாமே தீப்பற்றுபவை. கம்பளியும் பட்டும் உராய்ந்தால் எழும் சிறு மின்பொறி போதும், கடை முழுவதும் எரிய. 1920களில் அட்லாண்டா நகரத்துச் சலவைக்காரரான ஸ்டாடர்ட் என்பவர் மெல்லன் ஆராய்ச்சிக் கூடத்தாருடன் சேர்ந்து, எளிதில் தீப்பிடியாத பெட்ரோலிய வடிநீர் ஒன்றை வழக்குக்குக் கொண்டுவந்தார். அபாயம் குறைந்ததேயன்றி ஒழிந்தபாடில்லை.

1930களில் பெர்க் வந்தது. அதன் அணுக்கூட்டில் எரிவதற்கு உரிய ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. இரண்டு கரி, நான்கு குளோரின், அவ்வளவே. நெருப்பை அருகில் கொண்டுபோனாலும் பற்றாது. கறையை நன்கு கரைக்கும்; துணியைக் கெடுக்காது; காய்ச்சி வடித்தால் மீண்டும் மீண்டும் பயன்படும். இப்படிப்பட்ட நற்குணங்கள் எல்லாம் ஒருங்கே அமைந்த திரவத்தைச் சலவைக்காரர்கள் கைகூப்பி வரவேற்றதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க உலர் சலவைத் தொழிலில் அதுவே அரசு செலுத்தியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தீப்பற்றும் திரவத்தை வைத்திருந்தவரைக்கும் சலவை ஆலைகள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தன. நகராண்மையும் தீக்காப்புறுதிக் கம்பெனியும் அவற்றை வீடுகளின் அருகில் விடமாட்டா. பெர்க் வந்த பிறகு அந்தத் தடை தளர்ந்தது. கடைத்தெருவிலேயே, குடியிருப்பின் வாயிலிலேயே, துணியை வாங்கிப் பின்கட்டில் வெளுத்து உடனே திருப்பித் தரலாம். ஒரு மணி நேரத்தில் சலவை என்ற பலகை தொங்கியது அதனாலேதான். எந்த நற்குணம் கடையைத் தீயிலிருந்து காத்ததோ, அந்த நற்குணமே கடையைக் கிணற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது.

முகாமும் கடையும்

அமெரிக்கக் கடற்படை வீரரின் மிகப் பெரிய பாசறைகளுள் ஒன்று லெஜூன் முகாம். 1941இல் அமைந்தது. ஜப்பானியர் காலத்தைக் கண்ட நம் பெரியோர்க்குத் தாராவா தீவுப் போர் நினைவிருந்திருக்கும். 1943 நவம்பரில் அப்பவளத்தீவைக் கைப்பற்றுவதில் இந்தப் படையினர் பலர் மாண்டனர். அந்தப் போரின் நினைவாக, முகாமைச் சேர்ந்த குடும்பக் குடியிருப்பு ஒன்றுக்குத் தாராவா டெரஸ் என்று பெயரிட்டார்கள். இளம் வீரர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் அங்கு வாழ்ந்தனர். அக்குடியிருப்புக்கென்று கிணறுகளும், அக்கிணற்று நீரைத் தெளியவைத்துக் குழாயில் அனுப்பும் நிலையமும் 1950களின் தொடக்கத்தில் ஏற்பட்டன.

நெடுஞ்சாலைக்கு அப்பால், முகாமின் எல்லைக்கு வெளியே, ஏ.பி.சி. ஒன் அவர் கிளீனர்ஸ் என்னும் உலர் சலவைக் கடை 1953இல் திறக்கப்பட்டது. சீருடையை மடிப்புக் குலையாமல் அணிய வேண்டிய ராணுவத்தார் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புறத்திலே இருக்கையில், கடைக்கு வாடிக்கை யார் என்று ஊகிப்பது கடினமன்று.

கடையில் நடந்தது இது. அழுக்கேறிய பெர்க்கைக் கொதிகலத்தில் காய்ச்சி வடிப்பார்கள். தூய திரவம் மறுபடி பொறிக்குள் போகும். அடியில் தங்கும் கசடு கறுப்பாய், குழம்பாய் இருக்கும். அதில் பெர்க்கின் மிச்சமும் இருக்கும். கழிநீர் கடையின் பின்புறத்திலிருந்த மலக்குழித் தொட்டிக்குள் இறங்கி அங்கிருந்து மண்ணில் ஊறியது. கசடு வேறொன்றுக்குப் பயன்பட்டது. கடையின் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் குழி விழுந்தபோதெல்லாம் அக்கசடைக் கொட்டி நிரவினார்கள்.

இதைப் படிக்கும்போது திடுக்கிடுகிறோம். ஆனால் நாம் 1953இல் நின்று பார்க்க வேண்டும். கழிவை வீணாக்காமல் குழி நிரப்பியவரை அன்று சிக்கனக்காரர் என்றே அயலார் சொல்லியிருப்பர். குடிநீரில் பெர்க் இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று அன்று ஒரு சட்டமும் இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் என்னும் மத்திய அரசு அமைப்பே 1970இல்தான் பிறந்தது. குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் 1974இல் வந்தது. பெர்க்குக்கு உரிய வரம்பு 1991இல்தான் விதிக்கப்பட்டது.

நீரினும் கனத்தது

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தரையில் கசிந்தால் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். பெர்க் அப்படியன்று. அது தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட கனமுடையது. மண்ணில் ஊறி, நிலத்தடி நீரை அடைந்து, அதையும் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். களிமண் படிவு எங்கே தடுக்கிறதோ அங்கே குட்டையாய்த் தேங்கும். தண்ணீரில் அது மிகச் சிறிதளவே கரையும். அதுதான் கேடு. நன்றாகக் கரையும் பொருளாயின் சில மழைக்காலங்களில் அடித்துக்கொண்டு போயிருக்கும். இதுவோ கருமியின் கையிலிருந்து காசு போவதுபோல், துளித்துளியாகப் பல்லாண்டு காலம் நீரில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சிறிது என்பதற்கு ஒரு கணக்கு. இன்று அமெரிக்கக் குடிநீருக்கு உரிய வரம்பு நூறு கோடிப் பங்கு நீரில் 5 பங்கு. ஒரு லிட்டர் பெர்க் ஏறத்தாழ 1.6 கிலோ எடையுள்ளது. அது முழுவதும் கரைந்து பரவுமானால் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்கு உயர்த்தும். ஒரு பாட்டில் கொள்ளும் திரவத்துக்கு இவ்வளவு ஆற்றல்!

ஜாக்சன்வில் அட்லாண்டிக் கரையோரச் சமவெளியைச் சேர்ந்தது. அடியில் இருப்பது பெரும்பாலும் மணலும் சுண்ணாம்புக்கல்லும். நீர் எளிதில் நகரும் நிலம். கடையிலிருந்து சுமார் 900 அடி தூரத்தில் தாராவா டெரஸின் 26ஆம் எண் கிணறு இருந்தது. பம்பு நீரை இழுக்கும்போது சுற்றுப்புற நிலத்தடி நீரெல்லாம் கிணற்றை நோக்கிச் சாயும் என்பது கிணறு வெட்டிய எவரும் அறிந்த செய்தி. அவ்வாறு சாய்ந்த நீரோடு கடையின் கழிவும் மெல்ல நடந்து வந்தது. நெடுஞ்சாலை அதற்குத் தடையன்று; முகாமின் வேலியும் தடையன்று.

அந்நீருக்கு நிறம் இல்லை. இவ்வளவு சிறிய அளவில் மணமும் இல்லை. தாய்மார்கள் அதில் பால்மாவு கரைத்தார்கள். குழந்தைகள் குளித்தார்கள்.

1982 முதல் 1985 வரை

குடிநீரில் குளோரின் இடுவதால் உண்டாகும் பக்கப் பொருள்களை அளக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, லெஜூன் முகாமின் நீரும் சோதனைக்கு அனுப்பப்பட்டது. முகாமிலே ஹாட்னாட் பாயின்ட் என்ற இன்னொரு நீர்நிலையம் உண்டு. அதன் நீரைச் சோதித்த ராணுவ இரசாயனர் ஒருவர், கரைப்பான்களால் இந்நீர் மிகவும் கெட்டிருக்கிறது என்ற கருத்துப்பட 1981இல் சோதனைத் தாளிலேயே கையால் எழுதி அனுப்பினார். அங்கு கேட்டுக்குக் காரணம் முகாமின் சொந்தக் கிடங்குகளும் கழிவுக் குழிகளும்தான். சலவைக் கடைக்கு அதில் பங்கில்லை. இதை மறவாதிருத்தல் வேண்டும். ஏனெனில், பிற்காலத்தில் லெஜூன் என்றவுடன் சலவைக் கடையையே சுட்டிக்காட்டி ராணுவம் ஒதுங்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

1982இல் தனியார் சோதனைச்சாலை ஒன்று தாராவா டெரஸ் நீரில் பெர்க் இருப்பதைக் கண்டு முகாமுக்கு அறிவித்தது. மே மாதத்தில் கண்ட அளவு நூறு கோடிக்கு 80. ஜூலையில் ஒரு மாதிரியில் 104. காகிதம் முகாம் அலுவலகத்தில் இருந்தது. கிணறு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்கும் வேலை 1984ஆம் ஆண்டின் கடைசியில்தான் மும்முரமாயிற்று. 1985 ஜனவரியில் 26ஆம் எண் கிணற்றை அளந்தபோது அளவு 1,580. பிப்ரவரி 8ஆம் நாள் அது மூடப்பட்டது. அந்த மாதமே குடியிருப்பின் நீரில் 215 வரை கண்டார்கள்.

ஏப்ரல் இறுதியில் குடியிருப்பாளருக்கு முகாம் தளபதியிடமிருந்து கடிதம் போயிற்று. இரண்டு கிணறுகளில் சில இரசாயனங்கள் மிகச் சொற்ப அளவில் தென்பட்டதால் அவற்றை நிறுத்தியிருக்கிறோம், ஆதலால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுக என்பது அதன் சாரம். 1,580ஐச் சொற்பம் என்று சொன்ன பேனாவை என்னென்பது!

மாநில அரசு அதிகாரிகள் அதே ஆண்டில் கடையைச் சுற்றிச் சோதனைக் குழாய்கள் இறக்கி, மலக்குழித் தொட்டியையும் கசடு கொட்டிய நிலத்தையும் கண்டு, ஊற்றுக்கண் இதுவே என்று உறுதிசெய்தார்கள்.

குற்றம் யாருடையது என்று கேட்போருக்கு இக்கட்டுரையாசிரியனின் விடை, ஆண்டைப் பார் என்பதே. 1953இல் குழியை நிரப்பியவன் அறியாது செய்தான். 1982இல் காகிதத்தைக் கையில் வைத்திருந்தவன் அறிந்து இருந்தான். வரம்பு எதுவும் சட்டமாகவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட சமாதானம். சட்டத்தில் எண் இல்லாதிருக்கலாம்; இரண்டு சோதனைச்சாலைகளின் எச்சரிக்கை இருந்தது. அந்த இரண்டரை ஆண்டுகளுக்குச் சமாதானம் சொல்வது எளிதன்று.

அரசாங்கத்தின் துப்புரவு

நயாகரா அருவிக்கு அருகில் லவ் கனால் என்னும் பேட்டையில், புதைத்த இரசாயனக் கழிவின்மேல் வீடுகளும் பள்ளிக்கூடமும் எழுந்து, 1978இல் பெரும் கலக்கம் விளைந்தது. அதன் விளைவாக 1980 டிசம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சூப்பர்ஃபண்ட், அதாவது பெருநிதி, என்று அது வழங்குகிறது. பெட்ரோலிய, இரசாயனக் கம்பெனிகள்மீது வரி விதித்து நிதி திரட்டி, நாட்டிலேயே மிகக் கெட்ட இடங்களைப் பட்டியலிட்டு அரசே சுத்தம் செய்வது; கெடுத்தவர் அகப்பட்டால் செலவை அவரிடம் வாங்குவது. செய்தபோது அது குற்றமாக இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை. கழிவு யாருடையதோ அவரே பொறுப்பு. வரி 1995இல் காலாவதியாகி, 2021, 2022ஆம் ஆண்டுச் சட்டங்களால் மீண்டும் வந்தது தனிக் கதை.

1989 மார்ச் 31ஆம் நாள் ஏ.பி.சி. சலவைக் கடை அப்பட்டியலில் ஏறியது. எண்ணெய்க் கம்பெனிகளும் ஆயுதச் சாலைகளும் இருந்த பட்டியலில் துணி வெளுக்கும் கடை ஒன்று! நிலத்தடி நீருக்கு 1993இலும் மண்ணுக்கு 1994இலும் துப்புரவுத் திட்டங்கள் முடிவாயின.

முறை எளியதுதான். பெர்க் காற்றில் சீக்கிரம் ஆவியாகும். அந்தக் குணத்தைக் கொண்டே அதைப் பிடிக்க வேண்டும். மண்ணில் துளைக் குழாய்களை இறக்கி, மேலிருந்து காற்றை உறிஞ்சினால் மண்ணிடுக்கில் இருக்கும் பெர்க் ஆவியாகி மேலே வரும். நிலத்தடி நீரையோ பம்பால் இறைத்து, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து சிதறவிட்டு, கீழிருந்து காற்றை ஊதுவார்கள். விழும் நீரிலிருந்து பெர்க் காற்றுக்கு மாறிவிடும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குத்தான் ஆயுள் வேண்டும். திட்டம் எழுதிய நாளுக்கும் பொறி ஓடிய நாளுக்கும் இடையே ஆண்டுகள் கழிந்தன. பம்பு ஓடும்போது நீரில் பெர்க் குறையும். நிறுத்தினால், மணல் இடுக்கிலும் களிமண்ணிலும் ஒளிந்திருப்பது மறுபடி கசிந்து அளவு ஏறும். இது ஜாக்சன்வில்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இவ்வகை இடங்களிலெல்லாம் பொறியியலாளர் கண்ட அனுபவம். முப்பது ஆண்டுகள் கடந்தும் ஏ.பி.சி. இடம் பட்டியலிலிருந்து நீங்கவில்லை. சலவையும் நின்று போயிற்று. மண்ணுக்குள் சலவை தொடர்ந்தது.

செலவுக்கு யார் பொறுப்பு? பெரிய தொழிற்சாலை என்றால் வழக்காடி வாங்கலாம். உலர் சலவைக் கடை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. கடையை விற்றாலும் ஒரு கோபுரத்தின் விலை தேறாது. இதை உணர்ந்த மாநிலங்கள் வேறு வழி தேடின. ஃபுளோரிடா 1994இல் தனிச் சட்டம் இயற்றி, சலவைக் கடையின் வரவில் நூற்றுக்கு 1.5 பங்கும், வாங்கும் பெர்க்கில் ஒரு காலனுக்கு 5 டாலரும் வரி விதித்து, அந்நிதியைக் கொண்டு பழைய கடை நிலங்களைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. வட கரோலினா 1997இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். தொழில் முழுவதும் சேர்ந்து செய்த பிழைக்குத் தொழில் முழுவதும் சேர்ந்து கட்டணம் கொடுக்கிறது. அகப்பட்ட ஒருவன்மட்டும் அழிவதில்லை. இத்தகைய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு, அமெரிக்காவின் உலர் சலவைக் கடை நிலங்களில் நான்கில் மூன்று பங்கு கெட்டிருக்கும் என்று மதிப்பிட்டது. ஆகவே ஜாக்சன்வில் கடை விதிவிலக்கன்று. அதன் எதிரில் ஒரு கிணறு இருந்தது என்பதே அதன் தனித்தன்மை.

எழுதப்படாத முப்பது ஆண்டுகள்

நிலத்தைத் துப்புரவு செய்வது ஒரு வேலை. அந்நீரைக் குடித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அறிவது வேறொரு வேலை. அதற்கு முதலில், எந்த மாதத்தில் குழாய் நீரில் எவ்வளவு பெர்க் இருந்தது என்று தெரிய வேண்டும். 1982க்கு முன் யாரும் அளந்தவரில்லை. செப்பேடும் கல்வெட்டும் இல்லாத காலத்தின் சரித்திரத்தை எழுதுவது போன்றது இது.

நச்சுப் பொருள்கள், நோய்ப் பதிவேடு ஆகியவற்றுக்கான மத்திய அரசு நிறுவனம் அதைச் செய்யத் துணிந்தது. கடை எப்போது தொடங்கியது, எவ்வளவு பெர்க் வாங்கியது, கிணறுகள் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு இறைத்தன, மணல் எப்படி, களிமண் எப்படி, மழை எவ்வளவு என்றெல்லாம் திரட்டிக் கணிப்பொறியில் இட்டு, நிலத்தடியில் பெர்க் நடந்த நடையை மாதம் மாதமாகக் கணக்கிட்டார்கள். 1980களில் அளந்த சில எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். 2007இல் முடிவு வெளியாயிற்று. 26ஆம் எண் கிணற்றில் பெர்க் 1957 ஜனவரியில் வரம்பைத் தாண்டியிருக்கிறது. கிணறுகளின் நீர் ஒன்றாகக் கலந்து குடியிருப்புக்குப் போன குழாயில் 1957 நவம்பர் முதல் 1987 பிப்ரவரி வரை, 346 மாதங்கள் வரம்புக்கு மேல் இருந்திருக்கிறது. கடை திறந்து நான்கே ஆண்டில் 900 அடியை அது கடந்துவிட்டது! அந்த 346 மாதங்களில் அங்கு வாழ்ந்து, பின் வேறு முகாம்களுக்கு மாறிப்போன குடும்பங்கள் எத்தனையோ.

இந்தக் கணக்கைப் போடும்படி அரசாங்கத்தை விடாமல் துரத்தியவர்களுள் முதல்வர் ஜெர்ரி என்ஸ்மிங்கர். இருபத்து நான்கு ஆண்டுகள் படையில் இருந்து மாஸ்டர் சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ஜேனி, குடும்பம் லெஜூனில் வாழ்ந்தபோது கருவுற்ற குழந்தை. இரத்தப் புற்று கண்டு 1985 செப்டம்பரில் தன் ஒன்பதாம் வயதில் இறந்தாள். 26ஆம் எண் கிணறு மூடப்பட்ட அதே ஆண்டு. தந்தைக்கோ அதற்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் காரணம் தோன்றவில்லை. 1997இல் இரவு உணவுத் தட்டோடு தொலைக்காட்சி முன் வந்தபோது, லெஜூன் நீரைப் பற்றிய செய்தி காதில் விழுந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தான் சேவித்த படையின் பழைய காகிதங்களைத் தேடி எடுத்து, நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொன்னார்.

ஒரு குழந்தையின் நோய்க்கு இந்நீரே காரணம் என்று எந்த மருத்துவராலும் தனித்து நிரூபிக்க இயலாது. கூட்டத்தைத்தான் எண்ண முடியும். லெஜூன் வீரர்களையும், கலிபோர்னியாவில் இத்தகைய கேடு நேராத பெண்டில்டன் முகாம் வீரர்களையும் ஒப்பிட்டு 2014இல் வெளிவந்த ஆய்வு, புற்றுநோய் மரணம் லெஜூன் வீரரிடையே நூற்றுக்குப் பத்து அளவு மிகுந்திருக்கக் கண்டது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமோ, பெர்க் மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைப்பது என்னும் வகுப்பில் 1995லேயே சேர்த்துவிட்டது. நிலத்தடியில் பெர்க் சிதைந்து உண்டாகும் வினைல் குளோரைடு அதனினும் கொடியது. அதைப் பற்றி ஐயமே இல்லை.

2012 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவ உதவிச் சட்டத்தின் ஒரு பகுதிக்கு ஜேனியின் பெயர் சூட்டப்பட்டது. அச்சட்டத்தில் உதவிக்கு உரிய காலம் 1957 ஜனவரி 1 முதல் என்று குறித்தார்கள். அந்தத் தேதி வேறெங்கிருந்தும் வந்ததன்று. சலவைக் கடையின் பெர்க் கிணற்றை அடைந்ததாகக் கணிப்பொறி சொன்ன மாதம் அது. பிறகு ஹாட்னாட் பாயின்ட் நீரின் கணக்கும் முடிந்து, அங்கு கேடு இன்னும் முந்தியது என்று தெரிந்ததும், 2014இல் அதை 1953 ஆகஸ்ட் 1 என்று மாற்றினார்கள். மணலுக்குள் கணக்கிட்ட ஒரு மாதம் சட்டப் புத்தகத்தில் தேதியாகிய விந்தை இது.

நஷ்டஈடு மட்டும் எட்டாமலே இருந்தது. கேடு நேர்ந்து பத்து ஆண்டு கடந்தால் வழக்கில்லை என்பது வட கரோலினாவின் சட்டம். நோயோ முப்பது ஆண்டு கழித்தும் வரும். 2016இல் வழக்குகள் தள்ளப்பட்டன; 2019இல் கடற்படை இலாகா கோரிக்கைகள் அனைத்தையும் நிராகரித்தது. 2022 ஆகஸ்ட் 10ஆம் நாள் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட புதிய சட்டமே கதவைத் திறந்தது. பெர்க்கைப் பொறுத்தவரை, 2024 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட விதி, உலர் சலவையில் அதன் உபயோகத்தைப் பத்தாண்டுகளில் படிப்படியாக ஒழிக்கக் கட்டளையிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2007லேயே முடிவெடுத்து, 2023க்குள் தன் எல்லைக்குள் அதை ஒழித்துவிட்டிருந்தது.

2022ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் தகுதி இதுதான்: 1953 ஆகஸ்ட் 1க்கும் 1987 டிசம்பர் 31க்கும் இடையே முப்பது நாளுக்குக் குறையாமல் லெஜூனில் இருந்திருக்க வேண்டும். கோரிக்கை கொடுக்க இரண்டு ஆண்டு தவணை. 2024 ஆகஸ்டில் தவணை முடிந்தபோது கடற்படை இலாகாவின் முன் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்திருந்தன. முப்பது நாளை எண்ணும்போது, தாயின் கருவில் இருந்த நாட்களையும் சேர்த்து எண்ணலாம் என்று அச்சட்டத்தில் எழுதியிருக்கிறது.